உங்கள் மூக்கு வெளுக்கிறது

யாகுட்ஸ்கில் ஜனவரி.
எதிரே வருவது ஆளா, விளக்குக் கம்பமா
முட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும்.
கம்பமென்றால் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.
நான் இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

மூச்சும் கார்ப் புகையும் கொதிகலன் ஆவியும்
மேலே போக வழியில்லாமல்
தெருவிலேயே குடியிருக்கின்றன.
ஐம்பத்திரண்டு என்கிறது வானொலி.
பூஜ்யத்துக்குக் கீழே என்று சேர்த்துச் சொல்வதை
நவம்பரிலேயே விட்டுவிட்டார்கள்.
கீழே அல்லாமல் வேறெங்கே?

பஸ் நிறுத்தத்தில் ஒன்பது மூட்டைகள்.
கண்கள் மட்டும் திறந்திருக்கின்றன,
இமைமயிரில் உப்புப் பூத்தாற்போல் பனி.
யாரும் பேசுவதில்லை. பேசினால் பல் கூசும்.
பல் மருத்துவமனையில் கணக்கெழுதுகிறவள் நான்,
இந்த மாதத்து வரவு எனக்குத் தெரியும்.

ஒரு மூட்டை என் பக்கம் திரும்பி
"அக்கா, உங்கள் மூக்கு வெளுக்கிறது"
என்கிறது.

இந்த ஊரில் வணக்கம் என்பது அதுதான்.
உறைகிற மூக்கு வலிக்காது.
வலி நின்ற இடத்தில்தான் ஆபத்து.
அதைப் பார்த்துச் சொல்ல
இன்னொரு முகம் எதிரே நிற்க வேண்டும்.
யாருடையதாகவும் இருக்கலாம்.
கடன்காரர், போலீஸ்காரர்,
விவாகரத்தான கணவர்.

மூன்றாம் மாடி கவ்ரீலும் நானும் பேசி
ஏழு மாதம்.
ஜூனில் என் தக்காளி நாற்றுகள் மேல்
அவன் கார் ஏறியது.
இல்லை என்றான் அவன்.
ஆமாம் என்றது டயர்த் தடம்.

வெள்ளிக்கிழமை இரவு
வெந்நீர்க் குழாய் வெடித்தது.
சுவரோரம் எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்த
வெப்பப் பட்டைகள்
ஒவ்வொரு மாடியாக வாயை மூடின.
ஜன்னலின் உள்பக்கம்
விரல் விரலாகப் பனி ஏறியது.

கேஸ் அடுப்பு எரிவது துய்யாரா வீட்டில் மட்டும்.
அவள் கதவைக் கழற்றாத குறை.
சமையலறையில் இருபத்து மூன்று பேர்,
இரண்டு பூனை,
ஒரு செல்லோ. குளிரில் மரம் பிளந்துவிடுமாம்.
கிர்கிஸ் காய்கறிக்காரர் தலாய்பெக்
கம்பளத்தைச் சுருட்டித் தோளில் சுமந்து வந்து
எல்லாக் கால்களுக்கும் கீழே விரித்தார்.
யாரோ உறைந்த மீனைச் சீவினார்கள்.
யாரோ என் கோப்பையில் குடித்தார்கள்.

எங்கள் கட்டடம் தூண்கள் மேல் நிற்பது.
அடியில் வெறும் காற்று.
அங்கே குழாய் ஒட்டவந்த ஆளுக்கு
விளக்குப் பிடிக்க ஒருவர் வேண்டியிருந்தது.
கவ்ரீல் போனான்.
நாற்பது நிமிடம்.

திரும்பி வந்தபோது
எல்லோரும் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் அவனைப் பார்த்தேன்.
இடக் கன்னத்தில்
காசளவு வெள்ளை.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
ஒரு நொடி. ஒரு நொடிதான்,
ஆனால் அந்த நொடி இருந்தது,
அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறகு எழுந்து போய்
உள்ளங்கையை அந்தக் கன்னத்தில் வைத்தேன்.
தேய்க்கக் கூடாது. வைத்தால் போதும்.
செங்கல்லைத் தொட்டது போலிருந்தது,
பிறகு மெழுகைத் தொட்டது போல்,
வெகுநேரம் கழித்து ஒரு மனிதனை.

"அந்தத் தக்காளி..." என்று தொடங்கினான்.
"பேசாதே, கன்னம் அசைகிறது" என்றேன்.

நாலு பத்துக்குப் பட்டைகள்
தொண்டையைச் செருமின.
அவரவர் போர்வையைத் தேடி எடுத்துக்கொண்டு
மாடியேறினார்கள்.
எனக்கு வந்தது என்னுடையதல்ல,
நாய் வாசனை அடிக்கிறது.
இன்னும் யாரும் கேட்டு வரவில்லை.

ஜூனில் நாற்று நடுவேன்.
சுற்றிலும் நாலு செங்கல் வைப்பேன்.
மறுபடி ஏற்றினானென்றால் சண்டை உறுதி,
தெருவே கேட்கும்படி,
மூஞ்சிக்கு நேராக.

அதற்காவது
அவனுக்கு மூஞ்சி முழுசாக இருக்க வேண்டாமா?